நூற்றுக்கு எண்பது

நியூயார்க் நகரத்து வாடகை வீட்டு விளம்பரங்களில் அறைகளின் எண்ணிக்கைக்கும் வாடகைத் தொகைக்கும் அடுத்தபடியாக இடம்பிடிப்பது தரை. கடினமரத் தரை என்பதைத் தனியாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். புகைப்படமும் அதற்கேற்றபடிதான் எடுக்கப்படுகிறது. காலி அறை, திரையில்லாத சன்னல், சன்னலிலிருந்து அறையின் குறுக்கே சாய்ந்து விழும் வெயில், அந்த வெயிலில் தேன்நிறத்தில் மின்னும் ஓக் பலகைகள். அந்தப் படத்தில் மயங்கி, முன்பணம் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட உட்காருகிறவர் அதன் பின்பக்கங்களில் எங்கோ ஓரிடத்தில் வேறொரு செய்தியைச் சந்திக்கிறார்: தரைப்பரப்பில் 80 விழுக்காட்டைக் கம்பளத்தாலோ விரிப்பாலோ மூடிவைக்க வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் பெரும்பாலும் விலக்கு உண்டு. இதை நகரச் சட்டம் என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியொரு சட்டம் கிடையாது; வழக்கமாக ஒப்பந்தங்களில் சேர்க்கப்படும் ஒரு பத்தி, அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லும்வரை அந்தப் பத்தியை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எதைக் காட்டி வாடகைக்கு விட்டார்களோ அதையே மறைத்துவைக்கச் சொல்வது வேடிக்கையான முரண். நியூயார்க்வாசிகள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வதும் உண்டு. என்னை உறுத்துவது அந்த முரண் இல்லை. அந்தப் பத்தி ஓர் ஒப்புதல் வாக்குமூலம். தரை வழியாகச் சத்தம் கீழே போகும் என்பது கட்டட உரிமையாளருக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் எழுதிவைத்திருக்கிறார். தெரிந்ததைத் தன் பொறுப்பாக எழுதாமல் குடிவருபவரின் பொறுப்பாக எழுதியிருக்கிறார்.

இந்த 80 என்ற எண்ணைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். 12 அடிக்கு 15 அடி என்று ஓர் அறை இருந்தால் அதன் பரப்பு 180 சதுர அடி, மூடவேண்டியது 144. கடைகளில் கிடைக்கும் விரிப்புகளில் 8-க்கு 10 என்பது 80 சதுர அடிதான். 9-க்கு 12 வாங்கினால் 108. பெரிய அளவான 10-க்கு 14 வாங்கினாலும் 140. இன்னும் 4 சதுர அடி குறைகிறது. கட்டிலும் புத்தக அலமாரியும் அடைத்துக்கொள்ளும் இடம் கணக்கில் சேருமா என்பதை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆக, ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற நினைப்பவர் இரண்டு மூன்று விரிப்புகளை ஒட்டுப்போட்டு விரிக்க வேண்டும். அவை வழுக்காமலிருக்கவும் ஓசையை ஓரளவு வாங்கிக்கொள்ளவும் அடியில் தடித்த ஒரு பட்டையும் வேண்டும். இத்தனையும் ஓராண்டு அல்லது ஈராண்டு ஒப்பந்தத்துக்காக. அடுத்த வீட்டின் அறை வேறு அளவில் இருக்கும், விரிப்பு பொருந்தாது. மூடாமல் விடப்பட்ட 20 விழுக்காடு எங்கே இருக்கும் என்று யோசித்தால் இன்னும் விசித்திரம். சுவரோரமாக அரை அடிப் பட்டையாக, கதவு திறக்கும் இடத்தில் ஒரு முக்கோணமாக, சூடேற்றிக்கு அடியில் தூசி படியும் மூலையாக அது மிஞ்சும். விளம்பரப் படத்தில் வெயில் விழுந்த நடுத்தரை முழுவதும் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டிருக்கும். அதற்கான வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

அந்தத் தரை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமான ஓக் பலகை முக்கால் அங்குலத் தடிமன், இரண்டேகால் அங்குல அகலம். ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி. நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்து, அடுத்த பலகையின் காடியை அதன்மேல் செருகினால் ஆணியே வெளியில் தெரியாது. கடைக்காரரிடம் போனால் மரத்தின் கடினத்துக்கு எண் சொல்வார். அரை அங்குலத்தைவிடச் சற்றே சிறிய விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டை அதன் பாதி ஆழத்துக்கு மரத்தில் அழுத்தி இறக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே அந்த எண். யான்கா என்ற ஆஸ்திரியர் வகுத்த முறை அது. சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450. நாற்காலிக் கால் இழுபட்டால் என்ன ஆகும், நாயின் நகம் பட்டால் என்ன ஆகும், குதிகால் உயர்ந்த செருப்பு எத்தனை பள்ளம் போடும் என்பதையெல்லாம் இந்த எண்ணை வைத்து ஊகிக்கலாம். மரத்துக்கு என்ன நேரும் என்பதைக் கணக்கிட இத்தனை அக்கறை. அதே நாற்காலிக் கால் இழுபடும்போது கீழே படுத்திருப்பவருக்கு என்ன நேரும் என்பதற்கும் எண் இருக்கிறது. அதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் நீராவிச் சூடேற்றிகள் அறையின் ஈரத்தை உறிஞ்சிவிட, பலகைகள் சுருங்கி நடுவில் நூலிழை இடைவெளி விடுகின்றன. காலடி விழும்போது மரம் ஆணியில் உரசிக் கிரீச்சிடுகிறது. கோடையில் உப்பி மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. மேலே இருப்பவருக்கு இது பழைய வீட்டின் அழகுகளில் ஒன்று. கீழே இருப்பவருக்கு மேல்வீட்டார் இரவில் எத்தனை முறை எழுந்தார் என்ற தகவல்.

ஓக் எங்கும் ஒரே ஓக்தான். வித்தியாசம் அதற்கு அடியில். மன்ஹாட்டனின் மேற்குப்புறத்தில், வெஸ்ட் எண்ட் அவென்யூவிலும் ரிவர்சைட் டிரைவிலும் முதல் உலகப்போருக்கு முன்னும் பின்னும் வசதியானவர்களுக்காகக் கட்டப்பட்ட அடுக்ககங்களில் எஃகு உத்தரங்களுக்கு இடையே சுட்ட மண்கட்டிகளையோ கரிக்கட்டிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டையோ வளைத்துக் கட்டி, அதன்மேல் சாம்பல்கட்டியைக் கொட்டி நிரப்பி, அதில் மரச்சட்டங்களைப் பதித்து, அதற்கும் மேலேதான் ஓக் பலகையை அறைந்தார்கள். தீப்பிடிக்காமலிருக்க என்று செய்த ஏற்பாடு, போனசாக அமைதியையும் தந்தது. அதே நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், லோயர் ஈஸ்ட் சைடில், 1901ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எழுந்த ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டுத் தரைக்கும் அடுத்த வீட்டு உட்கூரைக்கும் நடுவே இருந்தவை மர உத்தரங்களும், வெறும் காற்றும், மரச்சிம்பில் அப்பிய சுண்ணச்சாந்தும். அங்கே ஓக்குகூடக் கிடையாது. மலிவான பைன் பலகை. பிற்பாடு வாடகை ஏறியபோது அந்தப் பைனை மணல்தாள் இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றினார்கள், அல்லது அதன்மேல் மெல்லிய ஓக்கை ஒட்டினார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு வந்த வெள்ளைச் செங்கல் அடுக்ககங்களில் வெறும் கான்கிரீட் தளத்தின்மேல் சின்னச் சின்ன மரச்சதுரங்களைப் பசைபோட்டு ஒட்டினார்கள். இப்படி மூன்று வகைக் கட்டடங்களில் சத்தம் மூன்று விதமாகப் பயணிக்கிறது. மர உத்தரக் கட்டடத்தில் குதிகால் விழுந்தால் மத்தளத்தில் அறைந்ததுபோலக் கீழே அதிரும்; கான்கிரீட்டில் அந்த அதிர்வு குறைவு, ஆனால் செருப்பின் டக்டக் தெளிவாகக் கேட்கும்; சாம்பல் நிரப்பிய பழைய பணக்காரத் தரையில் இரண்டுமே மங்கிவிடும். விளம்பரம் மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. மேலே என்ன தெரிகிறது என்பதைச் சொல்லும். அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

தரையை மூடுவதும் திறப்பதும் அமெரிக்காவில் மாறிமாறி வந்த மோகங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுத்தர வீடுகளில் மட்டமான பைன் பலகைத் தரையைச் சுவருக்குச் சுவர் கம்பளம் ஆணியடித்து மறைத்தார்கள். வெறுந்தரை ஏழ்மையின் அடையாளம். நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நாக்கும் காடியும் வெட்டும் இயந்திரங்களும் சூளையில் மரம் உலர்த்தும் கூடங்களும் வந்து ஓக் பலகையின் விலை இறங்கியது. மெல்லிய மரப்பட்டிகளைத் துணியில் ஒட்டிச் சுருளாகச் சுருட்டி விற்ற சரக்குகூட இருந்தது. கம்பளத்தை எடுத்துவிட்டு அந்த மரத்தை விரிக்கலாம். அதே காலத்தில் கிருமிகளைப் பற்றிய அச்சம் பரவ, தூசி தங்கும் கம்பளம் நோய்க்கூடமாகப் பார்க்கப்பட்டது. இந்தத் தரைகளுக்கு மெருகு கொடுத்த பொருள்களில் ஒன்று அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டப்பட்டு, கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. பழைய நியூயார்க் தரைகளின் அந்த ஆரஞ்சுத் தேன்நிறத்தில் ஒரு பங்கு மரத்துடையது, ஒரு பங்கு பூச்சிகளுடையது. அரக்கில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை பாரதம் கேட்ட நமக்குச் சொல்ல வேண்டியதில்லை; தரைக்கு மட்டும் பூசினால் தண்ணீர் பட்ட இடம் வெளுக்கும், அவ்வளவுதான். இரண்டாம் போருக்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரின் இயந்திரங்கள் செயற்கை இழைக் கம்பளத்தைக் கொட்டிக் குவித்தன. படுக்கை விரிப்புகளில் கையால் குஞ்சம் தைத்த கைத்தொழில் அங்கே அப்படி வளர்ந்திருந்தது. ஓக் மறுபடியும் அடியில் போனது. 1980களுக்குப் பிறகு அந்தக் கம்பளங்களைக் கிழித்தெடுத்து ‘உள்ளே இருந்த ஓக்கைக் கண்டுபிடிக்கும்’ காலம் தொடங்கி இன்றுவரை நீள்கிறது. இந்த ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் உண்டு: கௌரவம், கிருமி, விலை, துடைக்கும் வசதி, அழகு. எல்லாமே தரைமேல் நிற்பவரின் காரணங்கள். கம்பளத்தைக் கிழித்தெடுத்த நாளிலிருந்து, அதுவரை கேட்காத சத்தங்கள் கேட்கத் தொடங்கிய கீழ்வீட்டை யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

ஒரு தரைக்கு உண்மையில் மூன்று பங்காளிகள். நடப்பவர் ஒருவர், அதைத் தன் உட்கூரையாகக் கொண்டு கீழே வாழ்பவர் ஒருவர், உடைமையாளர் ஒருவர். ஒப்பந்தமோ எப்போதும் இருவருக்கு இடையில்தான். மேல்வீட்டாருக்கும் உரிமையாளருக்கும் ஒன்று, கீழ்வீட்டாருக்கும் உரிமையாளருக்கும் ஒன்று. தரையை நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் இருவருக்கும் நடுவே ஒரு காகிதமும் கிடையாது. ஆகவே கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எதையும் உரிமையாகக் கோர முடியாது. கோரினால் அது சண்டை. அவர் உரிமையாளரிடம் போகிறார். நியூயார்க் மாநிலத்தில் 1975 முதல், ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் வீடு வாழத் தகுந்ததாக இருக்கும் என்ற உறுதிமொழி எழுதாமலே அடங்கியிருப்பதாகச் சட்டம் சொல்கிறது. தாங்க முடியாத சத்தத்தையும் நீதிமன்றங்கள் அதற்குள் வைத்துப் பார்த்திருக்கின்றன. அப்போதுதான் உறங்கிக்கொண்டிருந்த 80 விழுக்காட்டுப் பத்தி விழிக்கிறது. உரிமையாளர் அதை எடுத்து மேல்வீட்டாரிடம் நீட்டுகிறார். அந்தக் கணத்திலிருந்து வழக்கு, சரியாகக் கம்பளம் போடாத ஒரு குடித்தனத்துக்கும் தூக்கம் கெட்ட இன்னொரு குடித்தனத்துக்கும் இடையிலானதாகிவிடுகிறது. மெல்லிய தளத்தைக் கட்டியவரோ, அது மெல்லியது என்று தெரிந்தே வாங்கியவரோ, அதன் அடியில் எதையும் சேர்க்காமல் மேலே மட்டும் மெருகு ஏற்றியவரோ இந்தப் படத்தில் எங்கும் இல்லை. அவர் இப்போது நடுவர்.

குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தடைசெய்தது. கம்பள நிபந்தனை குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் நடை பழகி முடித்து ஓட்டம் பழகும் இரண்டு வயதுக் குழந்தையைப் போல அதை மீறக்கூடியவர் வேறு யார்? ஒற்றையாக வாழ்பவர், பகலெல்லாம் வெளியில் இருப்பவர், வெறுந்தரையை அனுபவித்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கலாம். அவர்மீது புகார் வராது, பத்தியும் விழிக்காது. புகார் வந்தால் மட்டும் நடைமுறைக்கு வரும் விதி, எல்லார்மேலும் சமமாக விழுவதாகச் சொல்ல முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இது: கம்பளம் நியாயமான சமரசம். மேலே இருப்பவர் சிறிது செலவு செய்கிறார், கீழே இருப்பவருக்கு நிம்மதி கிடைக்கிறது, கட்டடத்தை இடித்துக் கட்டாமலே பிரச்சினை தீர்கிறது. தீர்ந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஒலியியல் வேறு சொல்கிறது. தளத்தின் ஒலித்தடுப்பை அளக்க அமெரிக்காவில் பயன்படும் கருவியில் ஐந்து எஃகுச் சுத்தியல்கள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றும் அரைக் கிலோ; நாலு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்குப் பத்துமுறை தரையைத் தட்டும். கீழறையில் பதிவாகும் ஓசையில் 100 ஹெர்ட்ஸுக்கும் 3150 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்டதை மட்டும் கணக்கில் எடுத்து ஓர் எண் கொடுப்பார்கள். பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் பொதுக் கட்டட விதித்தொகுப்பு அந்த எண் 50 இருக்க வேண்டும் என்கிறது; கட்டி முடித்த கட்டடத்தில் நேரில் அளந்தால் 45 போதும். இந்தச் சோதனையில் கம்பளம் அபாரமாகத் தேறும். எஃகின் கூர்மையான தட்டலை அது விழுங்கிவிடும். ஆனால் மனிதர்கள் எஃகுச் சுத்தியலால் நடப்பதில்லை. குதிகால் விழும்போது, அதுவும் மர உத்தரத் தளத்தில், எழும் ஆற்றலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. கருவி கேட்காத இடத்தில். அந்தத் தாழ்ந்த ‘தொம்’ பலகையின் மேற்பரப்பில் பிறப்பதில்லை. தளம் முழுவதுமே வளைந்து நிமிர்வதால் பிறப்பது. மேலே விரிக்கும் துணி அதை அதிகம் தொடுவதில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள், குவீன்ஸிலும் ஜெர்சி சிட்டியிலும் குடியிருக்கும் நம்மவர்களும் இதில் அடக்கம், தங்களால் யாருக்கும் தொல்லையில்லை என்று நம்புவதுண்டு. டக்டக் வேண்டுமானால் இருக்காது. தொம் இருக்கும்.

வெறுங்காலில் நடக்கும் இன்னொரு சமூகம் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. தென்கொரியாவில் மக்கள்தொகையில் பெரும்பாலோர் அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். தரை சூடேற்றப்பட்டிருக்கும், வீட்டுக்குள் யாரும் காலணி அணிவதில்லை. மாடிகளுக்கு இடையிலான சத்தம் அங்கே வெறும் அண்டைவீட்டு உரசலாக நிற்காமல் வன்முறைவரை போன பொதுப் பிரச்சினை. அங்குள்ள விதிகள் அடுக்ககத்தின் கான்கிரீட் தளத்துக்கு 210 மில்லிமீட்டர் தடிமனை வரையறுத்தன. 2022 முதல், கட்டி முடித்த பிறகு சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து நேரில் அளக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். வரம்பு 49 டெசிபல். அளப்பதற்கு எஃகுச் சுத்தியலோடு நிற்காமல், இரண்டரைக் கிலோ ரப்பர்ப் பந்து ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். குதிக்கும் குழந்தைக்கு அது நெருக்கம். அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. பழைய கட்டடங்களுக்கு அது பொருந்தாது. தேறாவிட்டால் கட்டாயமாக இடித்துத் திருத்தச் சொல்லும் வலுவும் ஆரம்பத்தில் அதற்கு இல்லை. ஆனாலும் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். கட்டியவரிடம். ஜெர்மனியில் இன்னும் பழைய வழக்கம்: கான்கிரீட் தளத்தின்மேல் மெத்தென்ற தகடு விரித்து, அதன்மேல் சுவரைத் தொடாமல் மிதக்கும்படி இன்னொரு சாந்துத் தளம் போட்டு, அதற்கும் மேல்தான் மரமோ ஓடோ. அமைதி தரைக்குள்ளேயே கட்டப்பட்டுவிடுகிறது. குடிவருபவர் கடைக்கு ஓடவேண்டியதில்லை. நியூயார்க்கின் விதித்தொகுப்பிலும் 1968ஆம் ஆண்டிலேயே ஒலித்தடுப்பு இடம்பெற்றுவிட்டது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆனால் அது அதற்குப் பிறகு கட்டப்பட்டவற்றுக்கு. விளம்பரங்கள் விரும்பிக் காட்டும் தரைகளில் மிகப் பல அதற்கு முந்தியவை. பழமைதான் அவற்றின் விலையே.

இன்னொரு மறுப்பு சலிப்போடு வரும்: நகரம் என்றால் சத்தம்தான், அமைதி வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போகட்டும். தீயணைப்பு வண்டியையும் குப்பை லாரியையும் சகித்துக்கொள்பவர் ஒரு காலடிக்கு ஏன் இத்தனை அலட்டல்? இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. காலடி பெரும்பாலும் தெருச் சத்தத்தைவிட மெல்லியது. ஆனால் தெருச் சத்தத்துக்கு முகம் இல்லை. காலடிக்கு இருக்கிறது. இப்போது எழுந்தார், குளியலறைக்குப் போகிறார், திரும்பிவரும் வழியில் நின்றுவிட்டார், ஏன் நின்றார்? அடுத்த அடிக்காகக் காது காத்திருக்கிறது. சத்தத்தின் அளவைவிட இந்தக் காத்திருப்புதான் தூக்கத்தைத் தின்கிறது என்று தோன்றுகிறது. மேலே இருப்பவர் நிலையும் சுகமில்லை. ஒருமுறை புகார் வந்துவிட்டால் தன் வீட்டுக்குள்ளேயே நுனிக்காலில் நடப்பார். குழந்தையின் ஓட்டத்தை அதட்டி நிறுத்துவார். விழுந்த கரண்டிக்காக யாரிடமோ மனத்துக்குள் மன்னிப்புக் கேட்பார். முன்பின் தெரியாத இருவர் ஒருவர் உடலின் அசைவுகளை மற்றவர் இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருப்பது, எந்த உறவின் பாற்பட்டதும் இல்லாமல் கட்டடத்தின் கஞ்சத்தனத்தால் மட்டும் நேர்ந்த நெருக்கம். நகரத்தின் இயல்பு என்று அதற்குப் பெயர் சூட்டினால், கஞ்சத்தனம் இயற்கையாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு உரிமையாளர் தரப்பிலிருந்து: தரை எங்கள் சொத்து, குடியிருப்பவர்கள் அதைப் பாழாக்குகிறார்கள், கம்பளம் அதைக் காக்கவும்தான். மறுப்பதற்கில்லை. முக்கால் அங்குல ஓக்கில் நாக்குக்கு மேலே இருக்கும் மரம் ஏறத்தாழ கால் அங்குலம்தான். ஒவ்வொரு முறை தேய்த்து மெருகிடும்போதும் அதில் ஒரு சீவல் போய்விடும். சில முறைக்கு மேல் தாங்காது, ஆணித்தலை தெரியத் தொடங்கும். பழைய வீடுகளில் இருக்கும் மெல்லிய பலகைகள் இன்னும் சீக்கிரம் தீரும். ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்குள் இயந்திரம் வந்து, போனவர்களின் கட்டில்கால் பள்ளங்களையும் தொட்டிச் செடியின் கறுப்பு வளையத்தையும் தூளாக்கிப் பையில் அள்ளிக்கொண்டு போகும். மூன்று பூச்சு பாலியுரித்தேன், மறுபடியும் புகைப்படம். இந்தத் தேய்மானம் குறித்து நியூயார்க் சட்டம் மிகக் கறாராக இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலிசெய்த 14 நாளுக்குள், பிடித்தம் ஏதும் இருந்தால் வரிவரியாகக் கணக்கெழுதித் திருப்பித்தர வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. அதே சட்டத்துக்கு முன், வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடு காலியானால், உள்ளே செய்த மேம்பாட்டுச் செலவில் ஒரு பங்கை வாடகையில் நிரந்தரமாக ஏற்றிக்கொள்ள முடிந்தது. 2011 வரை அந்தப் பங்கு நாற்பதில் ஒன்று. புதுத் தரை போட்டால் நாற்பது மாதத்தில் செலவு திரும்பிவிடும், ஏறிய வாடகை இறங்காது. 2019இல் அந்தப் பங்கை மிகவும் சுருக்கினார்கள். இவ்வளவும் காட்டுவது ஒன்றைத்தான்: தரையின் மேற்பரப்பு என்று வந்தால் கீறல்வரை கணக்குப் பார்க்கச் சட்டத்துக்கும் தெரிகிறது, உரிமையாளருக்கும் தெரிகிறது. அளக்க முடியாத பொருள் என்று தரையை யாரும் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்தை அளப்பது என்பதில்தான் ஒரு தேர்வு நடந்திருக்கிறது.

பழைய கட்டடங்களையெல்லாம் பிரித்து மிதக்கும் தளம் போடு என்று கேட்பது எளிது, நடக்காது. நகரத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்கு இருக்கும் ஊரில் அதன் செலவு எங்கே போய் விழும் என்பதும் தெரிந்ததே. அதைவிடச் சிறிய ஒன்றைக் கேட்கலாம். குடிவருபவரிடம் சில உண்மைகளை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் கடமை நியூயார்க் உரிமையாளருக்கு ஏற்கெனவே இருக்கிறது. கடந்த ஓராண்டில் கட்டடத்தில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதை 2010 முதல் படிவத்தில் எழுதித்தர வேண்டும். 1960க்கு முந்திய கட்டடமும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையும் இருந்தால் ஈயப் பூச்சு பற்றிய அறிவிப்பு. சிறு குழந்தைகள் இருந்தால் சன்னல் கம்பித் தடுப்பு பற்றிய அறிவிப்பு. அந்தக் காகிதக் கட்டில் இன்னொரு பக்கம் சேர்ந்தால் என்ன? தளத்தைத் தாங்குவது மரமா, எஃகா, கான்கிரீட்டா. தரைக்கும் கீழ்வீட்டு உட்கூரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது. மேலிருந்தோ கீழிருந்தோ கடந்த ஓராண்டில் எத்தனை புகார்கள் வந்தன. இதற்குச் சுத்தியல் கருவி வேண்டாம், ரப்பர்ப் பந்து வேண்டாம். உண்மையைச் சொன்னால் அமைதியான வீடுகளின் வாடகை ஏறும், ஏழைகளுக்குத் தொம்தொம் வீடுகளே மிஞ்சும் என்று ஒரு கவலை எழலாம். அந்தப் பிரிவினை சாம்பல்கட்டி நிரப்பிய காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது; இப்போது இருப்பது அதே பிரிவினைதான், இரண்டு பக்கத்துக்கும் ஒரே விளம்பர வாசகத்தோடு. எழுதிக்கொடுத்த பிறகும் கம்பளம் தேவைப்படலாம், அந்த 80 விழுக்காட்டுப் பத்தியும் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வாங்கிப் போடவேண்டியவர் யார் என்று மட்டும் திருத்தினால் போதும். ஆணியடித்துப் பதித்த ஓக் தரையை அமெரிக்க வருமான வரிச் சட்டம் கட்டடத்தின் பகுதியாகப் பார்த்து இருபத்தேழரை ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கவிடுகிறது. வாடகை வீட்டில் உரிமையாளர் போடும் கம்பளத்தை ஐந்தே ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். தன் வீட்டுத் தரைக்கென்று குடியிருப்பவர் வாங்கும் கம்பளத்துக்கு அப்படி எந்தக் கழிவும் கிடையாது.